நூற்று நாற்பத்து மூன்று பேருக்குக் கடன்பட்டவன்

போன மாதம் எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு மத்திய சர்க்கார் வேலை கிடைத்து, போலீஸ் விசாரணை வந்தது. வந்த காவலர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "பையன் நல்லவன்தானேங்க?" என்று என்னைக் கேட்டார். "நல்லவன்தான்" என்றேன். அச்சடித்த தாளில் ஐந்து இடத்தில் டிக் போட்டுவிட்டுப் புகையைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரு 'நல்லவன்' என்ற சொல்லை எழுத நாங்கள் நாலு நாள் சைக்கிள் மிதித்திருக்கிறோம். ஓய்வுபெற்ற போலீஸ்காரர்கள் சேர்ந்து போடும் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எரிச்சல் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது புதுக்கோட்டை சமஸ்தானப் போலீசில். லெஃப்ட் ரைட், லத்தி, சல்யூட், ஆறு மாதம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. என் கால் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று, நாங்கள் மெட்ராஸ் போலீஸ் ஆனோம். ஆனால் சும்மா ஆகிவிடவில்லை. எங்களையே முதலில் விசாரித்தார்கள். வேறொரு அரசாங்கத்துக்கு விசுவாசமாக வேலை பார்த்ததுண்டா என்று ஒரு கேள்வி. நேற்று வரை ராஜாவுக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன பதில் எழுதுவது? எங்கள் சார்ஜெண்ட், "எல்லாரும் இல்லைன்னு எழுதுங்கடா, ராஜா கோவிச்சுக்க மாட்டார்" என்றார். எழுதினோம். ஃபாரத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. உத்தரவின் பேரில் எழுதியது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

ஏழெட்டு வருடத்தில் ஏட்டு ஆகி, ஸ்பெஷல் பிராஞ்சுக்கு வந்தேன். அங்கே உடுப்புக் கிடையாது, மப்டிதான். சர்க்கார் வேலைக்குப் போகிறவர்கள், முக்கியமாக ரகசியக் காகிதங்கள் புழங்கும் இடத்துக்குப் போகிறவர்களைப் பற்றி, ஆள் எப்படி, குடும்பம் எப்படி, கேஸ் உண்டா, கட்சி உண்டா, குடி உண்டா, கடன் உண்டா என்று ஊரில் விசாரித்து எழுத வேண்டும். கடன் ஏன் என்றால், கழுத்துவரை கடன் உள்ளவனை எவனாவது காசைக் காட்டிக் காகிதத்தைக் கேட்டுவிடுவான் என்ற பயம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் குறுப்பு என்பவர். மலபாரில் வடகரைப் பக்கத்துக்காரர். அப்போது மலபாரும் மெட்ராஸ் ராஜ்யத்தில்தான் இருந்தது. ஒல்லி, வெள்ளை வெளேர் என்று சட்டை, மேஜையில் சிவப்புப் பென்சில் ஒன்று, அதைச் சீவ ஒரு பிளேடு. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பார், ஓரத்தில் ஒரே ஒரு சிவப்புக் கேள்வி இருக்கும். நான் அவருக்கு எழுதிக் கொடுத்த முதல் ரிப்போர்ட், காமிராவோடு வந்த இரண்டு வெள்ளைக்காரர்களைப் பற்றியது. சித்தன்னவாசல் மலைவரை பின்னாலேயே போய், 'ஓவியம் பார்த்தார்கள், வாழைப்பழம் சாப்பிட்டார்கள், திரும்பினார்கள்' என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பாக, 'பழத்துக்குக் காசு கொடுத்தார்களா?' என்று கேட்டிருந்தார். மறுபடி ஒன்பது மைல் போய்ப் பழக்காரியைக் கேட்டு வந்தேன். கொடுத்திருந்தார்கள்.

அவருக்கு இரண்டு சட்டம். ஒன்று, பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. இரண்டு, விசாரிக்கிற ஆட்களில் ஒருவனாவது அந்தப் பையனுக்கு ஆகாதவனாக இருக்க வேண்டும். "வேண்டியவன் எல்லாம் தங்கம்னு சொல்லும். ஆகாதவன் எந்தா சொல்லுது, அதைக் கொண்டு வா" என்பார். மலையாளம் கலந்தாலும் தமிழ் தடங்கலில்லாமல் பேசுவார். வாசிப்பதுதான் எழுத்துக் கூட்டி.

இப்படி இருக்கையில்தான் தங்கராசுவின் காகிதம் வந்தது. கறம்பக்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பையன். டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்து, பெங்களூரில் ரகசியக் காகிதம் புழங்கும் ஒரு மத்திய சர்க்கார் ஆபீசுக்குத் தேர்வாகியிருந்தான். அப்பா இல்லை. அக்காவைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அம்மாவும் அவனும், கூடவே மழையை நம்பிக் கிடக்கும் ஒரு காணி நிலமும். இந்த வேலை வந்தால் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரியும். மாதக் கடைசிக்குள் எங்கள் பதில் போகாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்தவனுக்குப் போய்விடும்.

பையன் ஃபாரத்தில் எல்லாக் கட்டத்தையும் ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தான். 'கடன் உண்டா?' என்ற இடத்தில்தான் வினையை விலைக்கு வாங்கியிருந்தான். 'உண்டு. 143 பேருக்கு, மொத்தம் ரூபாய் 418' என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தான். பெங்களூரில் அதைப் பார்த்தவருக்குத் தலை சுற்றியிருக்க வேண்டும். ஊரையே ஏமாற்றியவன் போலிருக்கிறதே, யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் எடுத்து விசாரித்து அனுப்பு என்று திருச்சி வழியாகத் தாக்கீது வந்தது.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மொய்! எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் பந்தல் வாசலில் ஒருவர் நோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பிட்டுக் கை கழுவியவர்கள் நேரே அவரிடம் போய்ப் பணத்தைக் கொடுப்பார்கள். பேர், ஊர், தொகை எல்லாவற்றையும் உரக்கச் சொல்லி எழுதுவார். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் அந்தத் தொகையை, முடிந்தால் கூடக் கொஞ்சம் சேர்த்து, இவர்கள் செய்தாக வேண்டும். கடன்தான், சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஊரில் பிறந்த எவனும் அதைக் கடன் என்று வாயால் சொல்ல மாட்டான். சர்க்கார் கேட்டுவிட்டதே என்று அதை எழுதிய ஒரே ஆள் இந்தப் பையன்.

பஸ் பிடித்துக் கறம்பக்குடி போய், வாடகை சைக்கிளில் ஊருக்குப் போனேன். பையன் அக்கா கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து வந்தான். அப்பா முன்பு செய்ததற்குத் திரும்பி வந்த மொய்யைத் தனியாகக் கழித்துவிட்டு, இனி இவன் செய்யவேண்டிய பேர்களுக்கு மட்டும் நம்பர் போட்டு வைத்திருந்தான்.

"ஏன்டா தங்கராசு, இதெல்லாம் ஒரு கடன்னு எழுதுவியா? இல்லைன்னு போட்டிருந்தா இந்நேரம் பெங்களூர்ல இருப்பியேடா" என்றேன்.

"வாங்குனது வாங்குனதுதானேங்க ஏட்டையா. கடன் உண்டான்னு கேட்டிருக்காக. இல்லைன்னு எப்புடி எழுதுறது?"

அவன் வாசிக்க நான் எழுதினேன். கீழத்தெரு இன்னார் ரெண்டு ரூபாய், மேலத்தெரு இன்னார் ஒரு ரூபாய். எண்பத்தாறு முடிந்தது. பையன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எம்பத்தேழு, புதுக்கோட்டை ஸ்பெஷல் பிராஞ்சு ஏட்டையா, அஞ்சு ரூபா."

அது நான்தான். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஊர்த் திருவிழாவுக்கு மப்டியில் போயிருந்தேன். கையைப் பிடித்து இழுத்து இவன் அக்கா கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சும்மா வரமுடியுமா? இரண்டு ரூபாய் போதும். பந்தாவுக்கு ஐந்தாக நீட்டினேன். நோட்டுக்காரர் என் உத்தியோகத்தையும் சேர்த்துப் பந்தல் அதிரச் சொன்னார். ரகசியமாக இருக்கப் போனவனை ஊரே திரும்பிப் பார்த்தது. அந்த ஐந்து ரூபாய்க்காக வீட்டில் ஒரு வாரம் எனக்குக் குழம்பில் காய் விழவில்லை.

இப்போது சங்கடம் என்னவென்றால், கொடுக்கல் வாங்கல் உள்ளவன் அந்த ஆளைப் பற்றி விசாரிக்கக் கூடாது. தெரிந்தால் மெமோ வரும். ஸ்பெஷல் பிராஞ்சை விட்டுத் தூக்கி மறுபடி கவாத்துக்கு அனுப்பிவிடுவார்கள். என் காலுக்கு அந்தத் தெம்பு கிடையாது.

"சரி சரி, அடுத்ததைச் சொல்லு" என்றேன். பென்சில் எழுதவில்லை என்பதைப் பையன் பார்த்தான். பிறகு எண்பத்தெட்டை வாசித்தான்.

ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் மறுநாளே ரிப்போர்ட்டைச் சுத்தமாக எழுதி, பட்டியலுக்குப் புது நம்பர் போட்டுக் குறுப்பு சாரிடம் வைத்தேன். அவர் பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவினார். பட்டியலில் பேர்களை வாசிக்கச் சிரமப்படுவார், எண்களை வாசிக்க அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டினார்.

"பையன் எழுதியது நூற்றி நாற்பத்தி மூணு பேர். இதில நூற்றி நாற்பத்தி ரெண்டு. அஞ்சு ரூபாயும் குறைவு."

"பையன் கூட்டல்ல தப்புப் பண்ணியிருப்பான், ஐயா."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் பென்சிலை மேஜையில் வைத்தார்.

"அந்த ஆபீஸ் கடன்காரனைக்கூட எடுக்கும். ஃபாரத்தில தப்பா எழுதினவனை எடுக்கில்லா. ஒண்ணு இவன் தப்பு, இல்லைன்னா நாம தப்பு. நாளைக்கு நான் வரும்."

என் ஒரு பேரை மறைத்ததில் பையன் பொய்யனாகிவிட்டான். மெமோவுக்குப் பயந்தவன் அவன் சோற்றில் கைவைத்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மறுநாள் கறம்பக்குடியில் ஒரே ஒரு வாடகை சைக்கிள்தான் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டார். முன்னால் மிதித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. மொத்தம் நாலு மைல். மேடு வந்தபோதுகூட அவர் இறங்கவில்லை.

முதலில் ஆகாதவனைப் பார்க்க வேண்டும் என்றார். தங்கராசுவின் பங்காளி கருப்பையா இருந்தார். வரப்புத் தகராறில் இரண்டு குடும்பத்துக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. குறுப்பு சார் கிணற்றடியில் நின்றபடியே கேட்டார்.

"அந்தப் பையன் எப்படி?"

"அவனப் பத்தி எங்கிட்டக் கேக்காதீக. அவுக அப்பன் என் வரப்பைத் தின்னுட்டுப் போனவன்."

"அவன் உங்களுக்குக் கடன் தரவேண்டியது உண்டா?"

"கடனா? எவன் சொன்னது?" கருப்பையாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் வீட்டுல என்ன குறைச்சல், அவனுக்குக் கடன் குடுக்க?"

"மொய் நோட்டில உங்க பேர் உண்டு. ரெண்டு ரூபாய்."

"அது மொய்யிங்க! கடன் இல்லை. பேச்சுவார்த்தைதான் இல்லை, மொய் உண்டு. நாங்க பந்தியில சாப்புடலை. வாசல்ல நின்னே எழுதிட்டு வந்துட்டோம்."

"அப்போ திருப்பிக் கேட்பீங்களா?"

"அதை எப்புடிங்க வாய்விட்டுக் கேக்குறது, அசிங்கம்ல? வர்ற தையில எம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வைப்பேன், அவன் செய்வான்."

"செய்யாட்டி?"

பங்காளியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்வது கருப்பையாவுக்குப் பல் பிடுங்குவது மாதிரி இருந்தது.

"செய்வான்யா. அந்த விசயத்துல அவனைக் குத்தஞ் சொல்லக்கூடாது. போன மாசம் எங்க சின்னாத்தா வீட்டுக் காதுகுத்துக்கு மூணு ரூபா செஞ்சிருக்கான். வாங்குனது ரெண்டுதான்."

குறுப்பு சார் அதை அப்படியே தன் கையால் எழுதிக்கொண்டார்.

பிறகு தங்கராசுவின் வீடு. பையனின் அம்மா எங்களைக் கண்டதும் பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டது. "இங்கிட்டு உக்காருங்க சாமி. எம் மகன் ஏதாச்சும் தப்பா எழுதிப்புட்டானாய்யா? எழுதாதடா எழுதாதடான்னு ஊரே சொல்லுச்சு. கேக்கலையே பாவிப்பய" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. பையன் நோட்டோடு வந்து நின்றான். இன்ஸ்பெக்டர் என் பட்டியலை மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"நீ வாசி. நான் எண்ணும்."

பையன் வாசித்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் சிவப்பாக ஒரு கோடு போட்டார். எண்பது, எண்பத்தொன்று. பையனின் குரல் மெதுவாகிக்கொண்டே வந்தது. எண்பத்தாறு வாசித்தான். நிறுத்தினான். நோட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி நோட்டைப் பார்த்தான். வாசித்தால் நான் போனேன், வாசிக்காவிட்டால் அவன் போனான். அவன் வேலை, அவன் அம்மாவின் அடுப்பு, எல்லாம் அந்த ஒரு வரியில் நின்றது. அப்படியும் என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. இருபது வயதுப் பையன்.

"எண்பத்தேழு நான்தான், ஐயா" என்றேன். "அஞ்சு ரூபாய். பையன் வாசிச்சான். நான்தான் எழுதலை."

குறுப்பு சார் தன் பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"எழுது. உன் பேர், உன் உத்தியோகம், தொகை. கீழே கையெழுத்து."

எண்பத்தாறுக்கும் எண்பத்தேழுக்கும் நடுவில் இருந்த சந்தில் எழுதினேன். சிவப்பு எழுத்தில் என் பேரை நான் எழுதியது அந்த ஒரு முறைதான். மீதியைப் பையன் வாசித்து முடித்தான். நூற்று நாற்பத்து மூன்று, நானூற்றுப் பதினெட்டு. காலணா பிசகவில்லை.

திரும்பும்போது கண்மாய்க் கரையில் சைக்கிளை நிறுத்தச் சொன்னார். இதோ எனக்கு மெமோ விழப்போகிறது என்று நின்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல் வரிசை நன்றாகத்தான் இருந்தது.

"எங்க ஊரில இதுக்குப் பணப்பயற்று என்னு பேரு" என்றார். "சாயாக்கடையில நடக்கும். சாயா குடிச்சு, பணம் கொடுத்து, நோட்டில எழுதி, பிறகு திருப்பிக் கொடுக்கணும். இதே நோட்டு, இதே மாதிரி. நான் போலீசில சேரும்போது முப்பத்தாறு பேருக்குக் கொடுக்க வேண்டியது உண்டு. ஃபாரத்தில கேட்டது. கடன் இல்லை என்னு நான் எழுதியது."

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ மறைச்சது ஒரு ஆள். நான் மறைச்சது முப்பத்தாறு. அந்தச் செக்கன், அந்தப் பையன் ஒருத்தன்தான் எல்லாம் எழுதியது. அவனைப் பற்றி விசாரிக்க நாம ரெண்டு பேர் வந்திருக்கு!" என்று சொல்லி மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கேரியரில் ஏறிக்கொண்டார்.

ரிப்போர்ட்டை அவரே சொல்ல நான் எழுதினேன். மொய் என்றால் என்ன என்று ஒரு முழுப் பக்கம். கருப்பையாவின் வாக்குமூலம், வரப்புத் தகராறு உட்பட. பிறகு, முதல் விசாரணை செய்த ஏட்டு தன் கொடுக்கல் வாங்கலை மறைத்ததால் பட்டியலில் பிழை நேர்ந்தது, விண்ணப்பதாரர் எழுதியதே சரி என்று ஒரு பாரா. அதையும் என் கையாலேயே எழுத வைத்தார். கடைசியில், 'கேட்ட கேள்விக்கு முழுதாகப் பதில் எழுதியவர், ரகசிய வேலைக்குத் தகுந்தவர்' என்று முடித்தார். என்னைக் கவாத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் ஓர் எச்சரிக்கை ஏறியது. முப்பது சில்லறை வருடச் சர்வீசில் என் பேரில் இருக்கும் ஒரே கறை, ஐந்து ரூபாய் மொய்.

அந்த வாரத்திலேயே குறுப்பு சார் கதவைச் சாத்திக்கொண்டு தன் கையால் ஒரு வெள்ளைத்தாளில் ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டியதைப் பார்த்தேன். என்ன எழுதினார், யாருக்கு எழுதினார் என்று எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுது என்றவர் அவர். ஆகையால் உறையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கராசு மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெங்களூருக்கு ரயில் ஏறினான். போகும் வழியில் ஆபீசுக்கு வந்து என்னைக் கும்பிட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசியது. "போய்ச் சேர்ந்ததும் ஆத்தாவுக்குக் கடிதாசி போடுடா" என்று மட்டும் சொன்னேன்.

ஏழெட்டு வருடம் கழித்து என் மகளுக்குப் புதுக்கோட்டையில் கல்யாணம். பெங்களூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தான். ஆள் சதை போட்டிருந்தான், கையில் வாட்ச். சாப்பிட்டுவிட்டு நேரே மொய் எழுதுகிறவரிடம் போய்ப் பத்து ரூபாயை வைத்தான். "அஞ்சு பழசு, அஞ்சு புதுசு. இனிமே ஏட்டையாதான் எனக்குச் செய்யணும்" என்றான். வடகரையிலிருந்து குறுப்பு சார் அனுப்பிய ஐந்து ரூபாய் மணியார்டர் ஒன்றும் வந்திருந்தது. அதையும் நோட்டில் ஏற்றினோம்.

மறு வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஸ்பெஷல் பிராஞ்சில் இருக்கிற எல்லோரும் தங்கள் சொத்து, கடன் விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்ற எல்லோரும் பத்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டார்கள். நான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் மெட்ராஸ்காரர், நல்ல மனுஷன். என் காகிதத்தைப் புரட்டினார். பின்னால் நான் இணைத்திருந்த ஆறு பக்கத்தையும் புரட்டினார்.

"என்னய்யா இது? இருநூத்திப் பதினோரு பேருக்குக் கடனா?"

"ஆமாங்கய்யா."

"மொய்யெல்லாம் யாருய்யா எழுதுவா? கிழிச்சுப் போட்டுட்டு இல்லைன்னு எழுதிக் குடுங்க."

"இல்லைங்கய்யா, இருக்கட்டும்."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "கூட்டலாவது சரியாப் பார்த்தீங்களா?"

"மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்துட்டேங்கய்யா" என்றேன். "ஒருத்தர்கூட விட்டுப்போகலை."